நிழற்றாமல் விட்ட பாதி

1. வெள்ளையாகக் கிடந்த இடம்

"மிஸ், இதுலதான் என்ட குசினி இருந்தது. இது ஏன் வெள்ளையாக் கிடக்கு?"

ஸ்டெலா அக்கா இப்படிக் கேட்டது, மீனவர் சங்கக் கொட்டகையான மடுவத்தில் நாங்கள் நடத்திய ஒரு கூட்டத்தில். நான் அப்போது கரையோர வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தின் மாவட்டக் கிளையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். படவரைஞராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு என் வேலையிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அடுத்தடுத்து இரண்டு குடியிருப்புகள். ஆட்கள் அவற்றை வடக்கு வாடி, தெற்கு வாடி என்பார்கள். வடக்கில் பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள், சின்னப் படகுத் தொழில், கருவாடு. தெற்கில் முஸ்லிம் குடும்பங்கள், கரையிலிருந்து இழுக்கும் கரைவலைத் தொழில். இரண்டுக்கும் நடுவில், படகுகள் ஒதுங்குவதற்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு கல்லணை. அது கட்டப்பட்ட பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் ஒவ்வொரு சோழகக் காற்றுக் காலத்திலும் வடக்கு வாடியின் கரை கரையத் தொடங்கியது. முதலில் கருவாடு காயப்போடும் மணல்வெளி போனது. அதன் பிறகு தென்னைகள். பிறகு ஸ்டெலா அக்காவின் குசினி. சமைக்கும் குசினியும் வீடும் தனித்தனிக் கட்டடங்கள் என்பதால் வீடு மட்டும் மிஞ்சி நின்றது.

தங்களுக்குக் கரையோரம் கல் போட்டுத் தரும்படி வடக்கு வாடி ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் கரையை அளந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினோம். கொழும்பில் அதை வரைபாக்கி, ஓர் அறிக்கை எழுதி, எங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதை ஆட்களுக்கு விளக்கத்தான் அந்தக் கூட்டம்.

மடுவத்தில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டி, புரொஜெக்டரில் படத்தைக் காட்டினோம். இரண்டு வளைகோடுகள், எங்கள் பேச்சில் வளையிகள். ஒன்று கல்லணைக்கு முந்திய கரைக்கோடு, மற்றது இப்போதைய கரைக்கோடு. நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டும் இடத்துக்குத் தெற்கே இரண்டு கோடுகளுக்கும் இடையில் அழகான நீல நிறம். வடக்கே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. எங்கள் மாவட்டப் பொறியியலாளர் தேவராஜா சேர் அறிக்கையின் முடிவை வாசித்தார். "ஆய்வுப் பிரதேசத்தில் மொத்தக் கரைப் பரப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை."

அப்போதுதான் ஸ்டெலா அக்கா எழுந்து சீலைக்குப் பக்கத்தில் வந்தார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் அல்ல. கல்லணை எது என்று என்னிடம் கேட்டார், காட்டினேன். மாதா சிலை நிற்கிற தெரு முடக்கு எது என்று கேட்டார், அதையும் காட்டினேன். அங்கிருந்து விரலால் அளந்து வந்து, வெள்ளையில் ஓர் இடத்தில் விரலை வைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நீலம் என்பது மாறிய இடம் என்று சற்று முன்னர்தான் சேர் விளக்கியிருந்தார். அப்படியானால் வெள்ளை மாறாத இடம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அந்த மாறாத இடத்தில் தங்கள் நிலத்தைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

2. சமனிலியின் ஒரு பக்கம்

இந்தப் படம் எப்படி உண்டாகிறது என்று சொன்னால்தான் பிழை எங்கே என்று விளங்கும்.

கரைக்குச் சமாந்தரமாக, கடல் எட்டாத தூரத்தில், ஒரு நேர்கோட்டில் கட்டைகள் அடித்து வைப்போம். அதை பேஸ்லைன் என்போம். ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கடல் ஏறி நனைத்த விளிம்புவரை அளப்போம். கட்டையின் இடம் கிடையச்சில், அளந்த தூரம் நிலைக்குத்தச்சில். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளையி. வேறொரு வருடம் அதே கட்டைகளிலிருந்து அளந்தால் இன்னொரு வளையி. புதிய வளையி பழையதற்கு மேலே போனால் கரை வளர்ந்திருக்கிறது. கீழே இறங்கினால் கரை தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பை நிழற்றினால், எவ்வளவு மாறியது என்று எவரும் பார்த்த உடனே சொல்லலாம்.

கூட்டம் முடிந்து புத்தளத்துக்குத் திரும்பினோம். அலுவலகத்துக்கு வந்து நான் வரைபு கீறும் மென்பொருளில் கொழும்பு அனுப்பிய கோப்பைத் திறந்தேன். நிழற்றுவதற்கு அவர்கள் எழுதியிருந்தது ஒரே ஒரு சமனிலி. பழைய வளையிக்குப் பெரிதாகவும் புதிய வளையிக்குச் சிறிதாகவும் உள்ள புள்ளிகளையெல்லாம் நிறமூட்டு என்பது அதன் கருத்து. மென்பொருள் சொன்னதைச் செய்திருந்தது. தெற்கு வாடியில் பழையது கீழே, புதியது மேலே. நடுவில் இடம் இருக்கிறது, நீலமாகியது. வடக்கு வாடியில் பழையது மேலே, புதியது கீழே. பழையதற்குப் பெரிதாகவும் புதியதற்குச் சிறிதாகவும் அங்கே ஒரு புள்ளியும் இருக்க முடியாது. ஆகவே வெள்ளை.

சமனிலியைத் திருப்பி இன்னொரு வரியாக எழுதினேன். வடக்கு வாடி முழுவதும் நிறமாகியது. கடல் கொண்டுபோன துண்டு, வடக்கே போகப்போக ஒடுங்கி, ஒரு கத்தி அலகுபோலக் கிடந்தது.

படம் அப்படியென்றால், "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்ற வசனம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். புதியதிலிருந்து பழையதைக் கழித்து, தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை ஒரே தொகையீடாக, அதாவது ஒரே மொத்தமாக, எடுத்திருந்தார்கள். தெற்கே வந்தது நேர் எண், வடக்கே போனது கழித்தல் குறியுள்ள மறை எண். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. கூட்டினால் பூச்சியத்துக்குக் கிட்ட வருகிறது.

நாங்கள் கையால் வேலை செய்த காலத்தில் பரப்பளக்க பிளானிமீட்டர் என்று ஒரு கருவி இருந்தது. அதன் ஊசியை விளிம்பு வழியே ஒரு சுற்றுக் கொண்டுபோனால் பரப்பைக் காட்டும். எட்டு வடிவத்தில் உள்ள உருவத்தை ஒரே சுற்றில் அளந்தால் ஒரு வளையத்தை மற்ற வளையம் தின்றுவிடும். அதனால் எட்டை இரண்டாகப் பிரித்துத்தான் அளக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எங்களுக்குச் சொல்லித்தந்த விசயம் அது. கருவி மாறினாலும் கணக்கு அதேதான்.

3. படம் இலேசு, வசனம் கடினம்

கொழும்பில் அந்தப் படத்தைச் செய்தவர் நிலூஷி என்ற பொறியியலாளர். இளம் பெண், கெட்டிக்காரி. தொலைபேசியில் நான் என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கியதும், பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. தான் செய்த வரைபுகளில் எப்போதும் ஒரு கோடு மற்றதற்கு மேலேயே இருந்ததாகவும், இப்படி வெட்டும் என்று யோசிக்கவில்லை என்றும் சொன்னார். தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்தில் திருத்திய படம் வந்துவிட்டது. தேய்ந்தது சிவப்பு, அதன் மேல் நட்டம் என்ற சொல்; வளர்ந்தது பச்சை, அதன் மேல் லாபம் என்ற சொல். பார்க்க நன்றாகவே இருந்தது.

வசனம் அப்படி அல்ல. அறிக்கை ஏற்கெனவே நிதி ஒதுக்கும் குழுவுக்குப் போய்விட்டது. குழுவில் இருப்பவர்களில் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, முடிவு வசனத்தைத்தான் வாசிப்பார்கள் என்று நிலூஷியே சொன்னார். அதை மீளப் பெற வேண்டுமானால், அளவீட்டைச் செய்த மாவட்டக் கிளை எழுத்தில் கேட்க வேண்டும். அதாவது தேவராஜா சேர் கையெழுத்துப் போட வேண்டும்.

சேர் நல்ல மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பம் அங்கே, அவர் இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஊர்ப்பக்கம் இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. தலைமை அலுவலகத்தின் முடிவு பிழை என்று எழுதினால் மாற்றம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கடிதத்தை வரைந்து அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"பஸீரா, கணக்கு பிழையில்லைத்தானே. கூட்டினா அதுதானே வருது" என்றார்.

"கணக்கு சரி சேர். ஆனா நிலம் போன ஆள் வேற, நிலம் வந்த ஆள் வேற. ரெண்டு பேரையும் எப்படிக் கூட்டுறது சேர்?"

அவர் கடிதத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். எங்கள் குடும்பம் தொண்ணூறில், முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியது. அப்போது நான் பாடசாலையை முடித்திருந்த பெண். நிலம் போவது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதை அந்த மேசையில் வைத்தால், இந்தக் கேள்வி என்னுடைய கவலையாகிவிடும். அது கணக்காகவே நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

பின்னேரம் அவரே என்னைக் கூப்பிட்டார். ஸ்டெலா அக்கா படத்தில் விரல் வைத்தது தனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்றார். கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கையெழுத்தைப் போட்டுத் தந்துவிட்டு, முகம் கழுவப் போனார்.

கொழும்பு அறிக்கையை மீளப் பெற்று எழுதிய புதிய முடிவு வசனத்தில் இரண்டு எண்கள் இருந்தன. தேய்ந்த பரப்பு இவ்வளவு. வளர்ந்த பரப்பு இவ்வளவு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவில்லை.

4. சிவப்பும் பச்சையும்

குழுவின் பதில் பாதி நன்மை. கல் போடும் வேலை அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கப்படும், இந்த வருடம் பணம் இல்லை. இடைக்கால ஏற்பாடாக, கல்லணைக்குத் தெற்கே குவிந்த மணலில் ஒரு பகுதியை எடுத்து வடக்கே கொட்டலாம். ஆனால் தெற்கு வாடியின் மீனவர் சங்கம் சம்மதிக்க வேண்டும். சோழகம் தொடங்க அதிக காலம் இருக்கவில்லை.

மறுபடி அதே மடுவம், அதே சீலை. இந்த முறை இரண்டு வாடி ஆட்களையும் கூப்பிட்டிருந்தோம். திருத்திய படத்தைக் காட்டியதும் வடக்கு வாடிப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. தாங்கள் சொன்னது கடைசியில் படத்தில் வந்துவிட்ட ஆறுதல் அது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோசம். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

தெற்கு வாடிச் சங்கத்தின் தலைவர் ஹனீபா சம்மாட்டி. கரைவலைச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். அவருடைய வலையில் இழுக்கப் போகும் குடும்பங்கள் பல. வயதானவர், வெள்ளைத் தொப்பி, நிதானமாகக் கதைப்பவர். சேர் மணல் எடுக்கும் திட்டத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"சேர், சிவப்பு எண்டா நட்டம், பச்சை எண்டா லாபம் எண்டு செல்றீங்க. அவங்கட நிலத்த நாங்க எடுத்த மாதிரித்தானே இந்தப் படம் இரிக்கி. அந்தக் கல்லணைய நாங்களா கட்டினோம்? எங்கள களவாளியாக் கீறிப்போட்டு, இப்ப மண்ணத் தா எண்டு கேக்கிறீங்க."

சேர் அப்படி இல்லை என்று விளக்கப் பார்த்தார். பின்வரிசையில் வடக்கு வாடி இளந்தாரி ஒருவன், படத்தில் உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். அதோடு கூட்டம் கலைந்தது. தெற்கு வாடி ஆட்கள் எல்லோரும் ஹனீபா சம்மாட்டியோடு வெளியேறினார்கள். ஒருவரோடொருவர் கல்யாணத்துக்கும் சாவு மௌத்துக்கும் போய்வருகிற ஆட்கள், வாசலில் முகம் பார்க்காமல் போனதை நான் கண்டேன்.

முதல் படம் ஓர் ஊரை அழித்தது. இரண்டாவது படத்தில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு ஊர்களைப் பிரித்தது. இதற்கு என்ன செய்வது என்று மென்பொருளில் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

5. வேலி

இரண்டு நாள் விட்டு நான் தனியாகத் தெற்கு வாடிக்குப் போவது என்று முடிவெடுத்தேன். சேர் வந்தால் அது உத்தியோக விசயமாகிவிடும். பஸ்ஸில் இறங்கி நடக்கும்போது, தெருமுனையில் ஸ்டெலா அக்கா குடையோடு நின்றார். நான் வருவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹனீபா சம்மாட்டி வலை வைக்கும் கொட்டிலான வாடி கல்லணைக்கு அடுத்தாற்போல் இருந்தது. சுற்றிலும் தென்னோலைக் கிடுகு வேலி. உள்ளே வலை குவித்திருந்தது. எங்களைக் கண்டதும் அவர் எழுந்து கதிரை போடச் சொன்னார். கோபம் இருந்தாலும் வந்தவர்களை நிற்க வைக்கிற ஆள் அல்ல. பிளேன்டீ வந்தது.

முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் 'நானா' என்ற முறையோடு ஸ்டெலா அக்காதான் தொடங்கினார். "நானா, மண்ணைத் தாங்க எண்டு கேட்க நான் வரேல்ல. எந்த இடத்தால எடுத்தா உங்கட வலைக்குப் பாதிப்பு வராது எண்டு நீங்களே சொல்லுங்க. அப்படி ஓர் இடம் இல்லை எண்டா நான் எழும்பிப் போறன்."

அவர் ஸ்டெலா அக்காவைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். பிறகு என்னிடம், படத்தைத் திறக்கும்படி சொன்னார்.

மடிக்கணினியை வலைக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு மீன்பெட்டியின் மேல் வைத்தேன். சேருடைய திட்டப்படி மணல் எடுக்க இருந்தது பச்சைப் பகுதியின் நடுவில். அங்கேதான் லொறி வரப் பாதை இருந்தது. ஹனீபா சம்மாட்டி அந்த இடத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். அதுதான் வலை இழுக்கும் இடம் என்றார். அங்கே கிடங்கு விழுந்தால் வலையின் அடிக்கயிறு சிக்கும், இழுக்கிறவர்கள் கால் வைக்க முடியாது. சீசன் முடியும்வரை பொறுத்தால் அங்கே எடுக்கலாம், ஆனால் சீசன் முடியும்போது சோழகமும் வந்துவிடும். இதை அவர் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார். அதற்கு முன் படம் அவரைக் கோபப்படுத்திவிட்டது.

"அப்ப எந்த இடம் நானா?" என்று கேட்டேன்.

கல்லணையை ஒட்டின பகுதியைக் காட்டினார். அங்கே மணல் மிக உயரமாகக் குவிந்திருந்தது. கல் வலையைக் கிழிக்கும் என்பதால் அந்தப் பக்கம் யாரும் வலை இழுப்பதில்லை. நான் சமனிலியோடு ஓர் எல்லையைச் சேர்த்து எழுதினேன். கல்லணையிலிருந்து அவர் சொன்ன தூரம்வரை மட்டும். பச்சை சுருங்கி, கல்லணைக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணமாக நின்றது. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் எடுக்கலாம் என்றார். எல்லையை மாற்றினேன். கொஞ்சம் விரிந்தது. போதும் என்றார். அந்தத் துண்டின் பரப்பை மென்பொருள் கணித்துக் காட்டியது. மணல் குவிந்திருந்த உயரத்தையும் வைத்துப் பார்த்தால், சேர் கேட்டதற்கு அது குறைவு. ஆனால் வீடுகளுக்கு முன்னால் கொட்டப் போதுமாக இருந்தது.

பிறகு அவர் நிறத்தைப் பற்றிக் கேட்டார். "இதுக்கு நிறம் போடாம விட ஏலாதா மிஸ்?"

போடாமல் விட்டால் மறுபடி வெள்ளையாகிவிடும் என்றேன். அது ஸ்டெலா அக்காவுக்குச் செய்கிற அநியாயம். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் ஒரே சாம்பல் நிறத்தைக் கொடுத்தேன். நிறத்தின் மேல் கோடுகளை மட்டும் வேறாக்கினேன். ஒரு பக்கம் வலச்சாய்வு, மறுபக்கம் இடச்சாய்வு. நட்டம், லாபம் என்று இருந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு, ஒன்றில் "கடல் கொண்டது" என்றும் மற்றதில் "கடல் வைத்தது" என்றும் எழுதினேன். இரண்டு எண்களும் அப்படியே இருந்தன. அவர் அதை வாசித்துப் பார்த்தார். ஸ்டெலா அக்காவும் குனிந்து பார்த்தார்.

"அது சரி" என்றார் ஹனீபா சம்மாட்டி.

இன்னொரு சிக்கல் மிஞ்சியிருந்தது. கல்லணைக்குப் பக்கத்தில் மணல் பெட்டி இழுக்கும் உழவு இயந்திரம் வரப் பாதை இல்லை. வருவதென்றால் வேலியடைத்த அவருடைய வாடி வளவுக்குள்ளால்தான் வர வேண்டும். நான் அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, தெருப்பக்கத்து வேலியைக் கழற்றி வைக்கும்படி சொன்னார். கிடுகுகளை முறிக்காமல் கழற்றச் சொன்னார், திரும்பக் கட்ட வேண்டும் என்று.

திரும்பி வந்து தெருமுனையில் பிரியும்போது ஸ்டெலா அக்கா, தன்னுடைய கணவர் பெர்னாட் உயிரோடு இருந்த காலத்தில் தொழில் இல்லாத மாதங்களில் ஹனீபா சம்மாட்டியின் வலையில் இழுக்கப் போவார் என்றும், அந்த மனிதரிடம் இப்படிக் கேட்க வேண்டி வந்ததே தனக்குப் பெரிய கூச்சமாக இருந்தது என்றும் சொன்னார்.

6. அந்தச் சோழகம்

உழவு இயந்திரங்கள் அந்த வளவுக்குள்ளால் போய்வந்தன. மணலை வடக்கு வாடி வீடுகளுக்கு முன்னால் மேடாகக் கொட்டினோம். இளந்தாரிகள் சாக்குகளில் நிரப்பி அடுக்கினார்கள். தெற்கு வாடியிலிருந்தும் சிலர் வந்தார்கள், வலை இழுத்து முடித்த பிறகு. கூட்டத்தில் வாய் விட்ட அந்தப் பையன் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனதைக் கண்டேன். அவன் மன்னிப்புக் கேட்டானா என்பது எனக்குத் தெரியாது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சோழகம் கடுமையாகவே வந்தது. கொட்டிய மணலில் பெரும்பகுதியைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது. வடக்கு முனையில் மணல் எட்டாத இரண்டு வீடுகள் விழுந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, முன்னரே பாடசாலையில் தங்கப் போயிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு வீட்டின் நிலைக்கதவு மட்டும் மணலில் நின்றது. மணல் மேடு இருந்த இடத்தில் வீடுகள் தப்பின. ஸ்டெலா அக்காவின் வீடு தப்பியவற்றில் ஒன்று.

அடுத்த வருடம் கல் வந்தது. அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்ததால்தான் வந்தது என்று நிலூஷி சொன்னார். தேய்ந்த பரப்பின் எண்ணைத் தனியாகக் கண்ட பிறகு, குழுவில் ஒருவராலும் மாற்றம் இல்லை என்று சொல்ல முடியவில்லையாம். தேவராஜா சேருக்கு இடமாற்றம் உடனே கிடைக்கவில்லை. அவர் எழுதிய கடிதத்தினாலா, வழமையான தாமதமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு கிடைத்தது.

கல் போட்ட பின் மூன்றாவது தடவையாக அந்தக் கரையை அளந்தோம். அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை என்னோடு இருந்தாள். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள், மென்பொருளை என்னைவிட வேகமாகப் பாவிப்பாள். வளையிகளை வரைந்துவிட்டு, இடைப்பரப்புக்கு மட்டு, அதாவது குறியில்லாத பெறுமானம், எடுத்தால் மறைக்குறி போய்விடும், ஒரே வரியில் முழுவதையும் நிழற்றலாம், மொத்தப் பரப்பு ஓர் எண்ணாக வரும் என்றாள். கணிதப்படி அவள் சொன்னது சரியான வழி. அப்படிச் செய்தால் ஒன்றையொன்று தின்னாது. ஆனால் போனதும் வந்ததும் ஒரே குவியலாகிவிடும், எது யாருடையது என்று தெரியாது. அவளுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் அந்த வரியை அழித்துவிட்டு இரண்டாக எழுதினாள்.

நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். நிழற்றுவதற்கு முன்னால் இரண்டு வளையிகளும் எங்கே வெட்டுகின்றன என்று தேடிப் பாருங்கள். வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்துங்கள். ஒவ்வொரு துண்டையும் தனியாக நிழற்றுங்கள், தனியாக அளந்து பாருங்கள். அந்த எண்களைக் கூட்டுவதற்கோ கழிப்பதற்கோ முன்னர், ஒவ்வொரு துண்டின் மேலும் யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரே ஆள் என்றால் கூட்டுங்கள். வேறு வேறு ஆட்கள் என்றால் எண்களைத் தனித்தனியாகவே எழுதிக் கொடுங்கள். முடிந்தால் நிறம் தீட்டுவதற்கு முன்னால் அந்த ஆட்களிடம் ஒருதரம் போய்வாருங்கள்.